போனில் கேட்ட கடல்

போன வருஷம் கார்த்திகை மாதம், ஒரு மதிய நேரம். கோலார் தங்கவயலில், மூடிப்போன நந்திதுர்க் சுரங்கத்துப் பக்கம் இருக்கிற எங்கள் வீட்டில் நடந்தது இது.

நான் இதுவரை கடலை நேரில் பார்த்ததில்லை. ஆனால் தினமும் கடலைப் பார்ப்பதுதான் எனக்கு வேலை. போர்ச்சுகல் நாட்டில், அட்லாண்டிக் ஓரமாக ஒரு சின்னக் கடற்கரை. அங்கே ஒரு காபிக் கடைக் கூரையில் கேமரா வைத்திருக்கிறார்கள். அலைச்சறுக்கு விளையாட வருகிறவர்களுக்காக, அலை எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் உடைகிறது என்று நான் லேப்டாப்பில் பார்த்துக் குறித்துத் தர வேண்டும். பெங்களூர் கம்பெனி ஒன்று கொடுத்த வேலை.

சத்தமில்லாத படம். கோடையில் அந்தக் கடல் கரையைத் தொட்டும் தொடாமலும் போகும். செப்டம்பர் முடிந்ததும் குளிக்கிறவர்களுக்குக் காவலாகக் கரையில் நிற்கிறவர்கள் குடையை மடக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அதற்கப்புறம், எங்கேயோ நடுக்கடலில் அடித்த புயலின் அலைகள் நாள்கணக்கில் பயணம் செய்து வந்து சேரும். தொடர்ந்து வராது. வெகுநேரம் தண்ணீர் அசையாமல் கிடக்கும். திடீரென்று நாலைந்து அலைகள் மலைபோலச் சேர்ந்து வரும். பார்த்துக்கொண்டே இருந்தால் கண் சொக்கும். ஜன்னலுக்கு வெளியே, சுரங்கத்தின் கழிவு மண் குவிந்து கிடக்கிற சயனைடு மேட்டில் அடிக்கிற வெயிலும் அங்கே நுரையில் அடிக்கிற வெயிலும் ஒன்றாகிப் போகும்.

அன்றைக்கு என் நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா அண்ணி, கடல் இன்னிக்கு கம்முனு கீது?"

"அதான் பயமா கீது," என்றேன்.

சற்று முன்புதான் பெரிய அலைகள் வந்து ஓரத்துப் பாறையை முழுக்க மூடிவிட்டுப் போயிருந்தன. இப்போது அதே பாறையில், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

கடையின் நம்பர் திரையின் கீழே இருந்தது. ஆனால் அங்கே யாருடனும் பேசக் கூடாது என்பது கம்பெனி உத்தரவு.

"போன் பண்ணா வேலை போயிடும்."

"அந்தம்மா போயிட்டாங்கன்னா?" என்றாள் நாத்தனார்.

போட்டேன். கடையில் ஒரு பெண் எடுத்தாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் மறந்துபோனது. பாறை, பெண், பெரிய அலை. அவ்வளவுதான் வந்தது. நீ யார், எங்கிருந்து பேசுகிறாய் என்று அவள் கேட்கவில்லை. போனை வைக்கவும் இல்லை. ஓடுகிற காலடி மட்டும் கேட்டது.

அந்தப் படம் எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். திரையில் அந்தப் பெண் இன்னும் நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். அதற்குள் போனில் கடல் இரைந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடலின் சத்தத்தைக் கேட்கிறேன். அங்கே எல்லாம் நடந்து முடிந்துவிட்டது, எங்களுக்குத்தான் தெரியவில்லை. நாத்தனார் என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு திரையின் ஓரத்தில் ஏப்ரன் கட்டிய அந்தக் கடைப் பெண் கைகளை வீசிக்கொண்டு ஓடிவந்தாள். உட்கார்ந்திருந்தவள் திரும்பிப் பார்த்தாள், எழுந்தாள், குதித்தாள். இருவரும் கைகோத்து மணலில் ஏறி ஓட, பின்னால் பாறை இருந்த இடம் வெள்ளையாகிப் போனது.

மூச்சு வாங்கிக்கொண்டே கடைப் பெண் போனில் ஏதோ சொன்னாள். புரியவில்லை. நானும் தமிழிலேயே நன்றி சொன்னேன். மேனேஜரிடம் உண்மையைச் சொன்னபோது அவர், "சரி விடுங்க," என்றார்.

இப்போதெல்லாம் தெரியாத நம்பரிலிருந்து யாராவது தடுமாறிப் பேசினால், யார் என்று கேட்க எனக்கு வாய் வருவதில்லை. என்ன வேண்டும் என்றுதான் முதலில் கேட்கிறேன்.