லங்காவியில் சொந்தக்காரர் இல்லை

என் அக்கா லங்காவியைத் தேர்ந்தெடுத்ததற்குக் கடல் காரணமில்லை, கழுகுச் சிலையும் காரணமில்லை. அந்தத் தீவில் எங்களுக்குச் சொந்தக்காரர் ஒருவரும் இல்லை. அது ஒன்றுதான் காரணம்.

இது விளங்க வேண்டுமானால் அவள் கணவர் பயணம் போகும் முறையைச் சொல்ல வேண்டும். அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். கரங்கானுக்கு வெளியே ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் லாரிகளை எடை போடும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஈப்போ, கிள்ளான், ஜொகூர், கேமரன் மலை என்று நாட்டின் பெரும்பகுதியைச் சுற்றியிருக்கிறார். எங்கேயும் தங்குவதற்காக ஒரு காசு கொடுத்ததில்லை. எந்த ஊர் என்றாலும் அங்கே ஒரு சித்தப்பா மகன் இருப்பார், இல்லையென்றால் சித்தப்பா மகனின் சம்பந்தி இருப்பார். அவர்கள் பாய் விரிப்பார்கள். மாமா அதில் படுப்பார். அக்கா நேராகச் சமையற்கட்டுக்குப் போவாள். விருந்துக்கு வந்த பெண் சும்மா உட்கார்ந்திருந்தால் அதைப் பத்து வருடம் பேசுவார்கள். கேமரன் மலையில் என்ன பார்த்தாய் என்று ஒரு முறை கேட்டேன். "ரெண்டு கிலோ வெங்காயம்" என்றாள்.

ஹோட்டலில் தங்குவது எங்கள் ஆட்களிடையே செலவு மட்டும் அல்ல, அவமரியாதையும்கூட. விஷயம் தெரிந்தால் அந்த ஊர்ச் சொந்தக்காரர் ஃபோன் செய்து, "ஏன், நாங்க செத்தா போயிட்டோம்?" என்று கேட்பார். பதில் சொல்ல முடியாத கேள்வி அது. மாமாவின் சிக்கனத்துக்கு இவ்வளவு உறுதியான காவல் வேறு கிடையாது.

கூலிமில் உள்ள தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் ஷிஃப்ட் வேலை பார்த்த அக்கா போன வருடம் வேலையை விட்டாள். விட்ட வாரமே தன் விருப்பத்தைச் சொல்லிவிட்டாள்.

"ஒரு ராத்திரி ஹோட்டல்ல படுக்கணும். நான் வெங்காயம் உரிக்கக் கூடாது. காலையில யாராச்சும் எனக்குக் கோப்பி கொண்டாந்து குடுக்கணும். அவ்ளோதான்."

"சொந்தக்காரங்க என்ன நெனைப்பாங்க?" என்றார் மாமா.

"அதான் சொந்தக்காரங்க இல்லாத ஊரா பாத்து வெச்சிருக்கேன்."

மாமா இரண்டு நாள் யோசித்தார். மூன்று பேருக்கு ஃபோன் செய்தார். லங்காவியில் யாரும் இல்லை. அக்கா அதையெல்லாம் ஏற்கெனவே விசாரித்து முடித்திருந்தாள். குவா டவுனில் ஒரு சின்ன ஹோட்டலில், இரண்டு பெரிய கட்டில் போட்ட அறை, காலைப் பசியாறல் இருவருக்கு. கைப்பேசியிலேயே பதிவு செய்தாள். பணத்தை அங்கே போய்க் கட்டினால் போதும்.

காடி ஓட்ட ஆள் வேண்டும் என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். அறையில் மூன்றாவது ஆள் என்றால் மெத்தைக்குத் தனிக் கட்டணமாம். மாமா அதற்கும் வழி வைத்திருந்தார். "ஹோட்டலுக்குள்ள போறப்ப நீ கொஞ்சம் தள்ளி நடந்து வா தம்பி. யாரையோ பாக்க வந்த மாதிரி."

டோல் கட்டக்கூடாது என்பதால் நெடுஞ்சாலையை விட்டுப் பழைய சாலையில் போனோம். குருணில் வழி தவறி, பெண்டாங் வயல்களைச் சுற்றி வந்தோம். மாமா இறங்கி ஒரு டிராக்டர்காரரிடம் வழி கேட்டார். டோலில் மிச்சமானது எவ்வளவு, காடி எண்ணெயில் போனது எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. குவாலா கெடாவில் காடியை விட்டுவிட்டு ஃபெர்ரி ஏறியபோது எங்களிடம் புளிச்சோறு, நெத்திலிச் சம்பால், அவித்த முட்டை ஆறு, வீட்டில் நிரப்பிய தண்ணீர்ப் போத்தல்கள் நான்கு இருந்தன. ஃபெர்ரியில் எதையும் வாங்கக்கூடாது என்பது ஏற்பாடு.

மாமாவுக்குப் பக்கத்து இருக்கையில் நம் ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். மடியில் ஒரு கட்டு முருங்கைக்காய். மாமா அவருக்கு ஒரு முட்டையை நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டார். பிறகு மாமா கேட்டார்:

"தம்பி எந்தத் தோட்டம்?"

நாங்கள் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டங்களில் பாதி இப்போது வீடமைப்புப் பகுதி ஆகிவிட்டது. எங்கள் லயத்து வரிசை வீடுகள் இருந்த இடத்தில் கார் கழுவும் கடை இருக்கிறது. ஆனால் இந்தக் கேள்வி அழியவில்லை. எங்கள் ஆட்கள் இருவர் சந்தித்தால் பெயரையே அதற்குப் பிறகுதான் கேட்பார்கள்.

எதிரில் முட்டை உரித்துக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது. காலை நீட்டி மாமாவின் காலை மிதித்தாள். மாமா காலை நகர்த்திக்கொண்டார்.

முருங்கைக்காய்க்காரர் ஒரு தோட்டத்தின் பெயரைச் சொன்னார். அது எங்கள் தோட்டம் இல்லை. அக்கா மூச்சு விட்டாள். ஆனால் அவர் நிறுத்தவில்லை. "என் மாமியாதான்ணே கரங்கான் பக்கம்" என்று எங்கள் தோட்டத்தின் பெயரைச் சொன்னார்.

"மேல் லயமா, கீழ் லயமா?"

"மேல் லயம். பால் ஸ்டோருக்குப் பக்கத்து வீடு."

"கோழி வளப்பாங்களே, அந்த அக்காவா?"

"அவங்களேதாண்ணே!"

மாமா அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஃபெர்ரி முதல் சின்னத் தீவைக் கடப்பதற்குள் இருவரும் உறவாகிவிட்டார்கள். அந்த அம்மாள் ஒரு தீபாவளிக்கு எங்கள் வீட்டில் பலகாரம் சுட வந்தாராம். அத்துடன் எல்லாம் முடிவாகிவிட்டது.

"ஹோட்டல்லயாண்ணே தங்கப் போறீங்க?" என்றார் அவர், உண்மையிலேயே மனம் நொந்து. "குவாவுல என் வீடு இருக்கு. நான் உயிரோட இருக்கேன். நல்லா இருக்குலா!"

மாமா அக்காவின் பக்கம் திரும்பினார். "பாத்தியா? கடவுளா பாத்து அனுப்பியிருக்காரு."

"கடவுளுக்கு வேற வேல இல்ல" என்றாள் அக்கா.

பத்திரிகையில் இருபது ஆண்டுகள் வேலை பார்த்த எனக்கு நடப்பதைக் குறித்துக்கொள்ளும் பழக்கம்தான் வரும். தடுக்கும் பழக்கம் வராது.

படகுத்துறையில் இறங்கியதும் பேச்சு நடந்தது. ஒரு தண்ணி குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம் என்றார் மாமா. எங்கள் ஊரில் ஒரு தண்ணி என்பது தேநீரில் தொடங்கி இரவுச் சாப்பாட்டில் முடியும். அது தெரிந்தும் அக்கா தலையாட்டினாள். வீட்டுக்கு அழைத்தவரின் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல அவளும் பழகவில்லை. வெறுங்கையோடு போக முடியாது என்பதால் மாமா வழியில் ஒரு தர்பூசணி, இரண்டு கிலோ திராட்சை, ஒரு டின் பிஸ்கட், ஒரு பெரிய பாக்கெட் மைலோ வாங்கினார். சும்மா படுப்பதற்கு அவர் வழக்கமாகக் கொடுக்கும் வாடகை அது. அதை அவர் ஒருநாளும் தங்கும் செலவில் சேர்த்ததில்லை.

வீடு ஒரு அடுக்குமாடியின் நான்காவது மாடியில் இருந்தது. லிஃப்ட் இல்லை. தர்பூசணியை நான் தூக்கினேன்.

வீட்டுக்காரரின் மனைவி நாலரை மணிக்கு வந்தார். கடற்கரைப் பக்கம் ஒரு பெரிய ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை. சீருடையோடு வந்தவர், காலணியைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது தன் கூடத்தில் எங்களைப் பார்த்தார். சிரித்தார். அந்தச் சிரிப்பு முகத்துக்கு வந்து சேர இரண்டு வினாடி ஆயிற்று.

"யாரு வந்திருக்கா தெரியுமா? ஒங்கம்மா தோட்டத்து ஆளுங்க!" என்றார் கணவர்.

"வாங்க வாங்க, பசியாறினீங்களா?" என்று கேட்டுக்கொண்டே அவர் சமையற்கட்டுக்குள் போனார். அக்காவும் எழுந்து பின்னால் போனாள். கால்கள் தானாக நடந்தன. கூடத்தில் மாமாவும் வீட்டுக்காரரும் செத்துப்போன தோட்ட ஆபீஸ் கிராணி ஒருவரைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் சமையற்கட்டு வாசல் ஓரம் உட்கார்ந்திருந்ததால் இரண்டு பக்கமும் கேட்டது.

"இன்னிக்கு எத்தன ரூம்மா?"

"பதினாறுக்கா. ஒருத்தி வரல."

"குந்து நீ. கத்தி எங்க?"

"விடுங்கக்கா, விருந்துக்கு வந்துட்டு."

பலகையில் கத்தி விழும் சத்தம். பிறகு அக்கா கேட்டாள்: "நீ எப்பவாச்சும் அந்தக் கட்டில்ல படுத்திருக்கியா?"

"எந்தக் கட்டில்க்கா?"

"நீ தெனம் விரிக்கிறியே, அது."

"படுத்தா வேல போயிடும்கா." அவர் சிரித்தார்.

கத்திச் சத்தம் நின்றது.

"நாளைக்கு வேலையா?"

"நாளைக்கு லீவுக்கா."

"அப்ப சட்டைய மாத்திட்டு வா. கெளம்பு."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து நின்றாள். "நாங்க ரெண்டு பேரும் கெளம்புறோம்."

"பாசாருக்கா, காய்கறி வாங்க?" என்றார் மாமா.

"ஹோட்டலுக்கு. கட்டில் ரெண்டு இருக்கு. நீங்க ஆம்பளைங்க மூணு பேரும் இங்க படுங்க. காசு மிச்சம்."

மாமா வாயைத் திறந்தார். அவர் முப்பது வருடமாகச் சொல்லி வந்த வாக்கியத்தைத்தான் அக்கா சொன்னாள். அதை மறுத்துப் பேச அவருக்குப் பயிற்சி இல்லை.

"சாப்பாடு?" என்றார் வீட்டுக்காரர், கொஞ்சம் பயந்து.

"வெங்காயம் பாதி அரிஞ்சிருக்கு தம்பி. மீதி கூடையில கெடக்கு."

வீட்டுக்காரரின் மனைவி ஒரு துணிப்பையோடு அறை வாசலில் நின்றார். வர ஆசை இருந்தது, வரத் துணிவு இல்லை. கணவரைப் பார்த்தார். கணவர் மாமாவைப் பார்த்தார். மாமா தர்பூசணியைப் பார்த்தார்.

"போய்ட்டு வாலா" என்றார் கடைசியில் கணவர்.

அன்று மாலை நாங்கள் சமைத்தது டின் சார்டினும் சோறும். மீதி வெங்காயத்தை மாமா அரிந்தார். ஒன்றரை வெங்காயத்துக்கு அவர் நான்கு முறை கண்ணைத் துடைத்ததை நான் எண்ணினேன். முருங்கைக்காயை எப்படி நறுக்குவது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு வந்ததால் அதை அப்படியே விட்டுவிட்டோம்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மூவரும் ஹோட்டலுக்குப் போனோம். பசியாறும் இடத்தில் ஜன்னல் ஓர மேசையில் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாவது தட்டு நடந்துகொண்டிருந்தது. ஒரு பணியாள் வந்து அக்காவின் கோப்பையில் கோப்பி ஊற்றிவிட்டுப் போனார். அக்கா ஒரு வாய் குடித்தாள்.

"நல்லா இருக்கா?" என்றேன்.

"இல்ல. வெறும் தண்ணி." இன்னொரு வாய் குடித்தாள். "இது மூணாவது."

நேற்று அறைக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக வீட்டுக்காரரின் மனைவி கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்து ஒற்றைக் காலுறை ஒன்றை எடுத்தாராம். விளக்கின் மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "இங்க ஆளு பத்தாதுக்கா, பாவம்" என்றாராம். காலை ஐந்து மணிக்கு எழுந்து விரிப்பை இழுத்துச் செருக ஆரம்பித்தவரை, பக்கத்துக் கட்டிலில் இருந்து அக்கா "படு" என்று அதட்டியிருக்கிறாள். மறுபடி எட்டரை வரை தூங்கினாராம். அக்கா சொல்லச் சொல்ல அவர் வெட்கப்பட்டு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

மாமா நீண்ட மேசையில் இருந்த மீஹூனையும் முட்டைகளையும் கண்ணால் அளந்தார். "இதெல்லாம் ரூமோட சேத்திதானா?"

"ரெண்டு பேருக்கு" என்றாள் அக்கா. "இன்னொரு நாளைக்கும் சொல்லிட்டேன். காசும் கட்டிட்டேன்."

மாமா உட்கார்ந்தார். அவர் அப்போது சொன்னது பணத்தைப் பற்றி அல்ல. அந்த அளவுக்கு அவர் விவரமானவர்.

"அது சரிம்மா. ஆனா இன்னிக்கு நாம அவங்க வீட்டுல தங்கலன்னா அவங்க தப்பா நெனைக்க மாட்டாங்களா?"

வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவர் மனைவி வெண்ணெய்க் கத்தியைக் கீழே வைத்தார். நேற்றிலிருந்து அவர் மாமாவிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் முறை.

"நெனைக்க மாட்டோம்ணே" என்றார், மிக வேகமாக.

மாமா எழுந்து, மூன்றாவது ஆளுக்கான தனி மெத்தைக்கு என்ன கட்டணம் என்று கேட்கக் கவுண்டர் பக்கம் நடந்தார்.