படியில் தொங்கிய பாண் பை

பெற்றோலுக்கும் காஸுக்கும் கொழும்பு முழுவதும் வரிசையில் நின்ற வருடம் அது. கரண்ட் போய்ப் போய் வந்ததில், எங்கள் கொட்டாஞ்சேனை பிளாட்டின் லிஃப்ட் ஒரு நாள் மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில் நின்றது. இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறது. அதற்குப் பிறகுதான் சேவியர் மாஸ்டர் படியேறி எங்களிடம் வந்தார். அவர் போன செய்தியும் படியேறித்தான் வந்தது. போன மாதம் ஒரு காலை பாண் விற்க வருகிற ஓட்டோக்காரன் தன் ஸ்பீக்கர் பாட்டை நிறுத்திவிட்டு, கீழே படியடியில் நின்று, தாத்தா என்று சிங்களத்தில் என்னைக் கூப்பிட்டுக் கத்தினான்: "சீயா! எங்கட மாஸ்டர் போயிட்டாரு!"

எனக்கு எழுத்துத் தெரியாது. மாஸ்டரின் இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நான் சொல்லச் சொல்ல, அவர் மகள் ரோஷினி எழுதுகிறாள். அவளுக்குக் கசக்கிற இடமும் வரும். அதையும் எழுதத்தான் வேண்டும்.

நாலாம் மாடியில் அப்போது தனிக் கிழவர்கள் மூன்று பேர். மீன் விற்ற ஹனீபா நானா, தையல்காரக் கணேசன், துறைமுகத்தில் மூட்டை சுமந்த நான். மூவருக்கும் சீனி வருத்தம், மூவருக்கும் முழங்கால் நோவு. உடற்பயிற்சி சொல்லித்தர இரண்டு பேர் காசு வாங்காமல் வந்தார்கள். வெள்ளவத்தையில் கண்ணாடி பதித்த ஜிம்மில் வேலை செய்கிற ஃபரீத் ஒருவர். எங்கள் சந்துக்குள்ளேயே துருப்பிடித்த இரும்புகளோடு ஜிம் வைத்திருந்த சேவியர் மற்றவர்.

ஃபரீத் கதிரையில் இருத்திவைத்துக் காலை நீட்டி மடக்கச் சொல்வார். "தேஞ்ச முழங்கால் திரும்ப வளராது அங்கிள். ஈக்கிறத காப்பாத்துங்க. படி மட்டும் வேணாம்" என்பார். நாங்கள் இறங்காமலிருக்க ஆளுக்கொரு கூடையைக் கயிற்றில் கட்டி பால்கனியில் தொங்கவிட்டவரும் அவர்தான். பாண், மீன், மருந்து எல்லாம் ஏறி வந்தன. சுகமாக இருந்தது. அடுத்த நத்தார் பூசைக்கு வெளிக்கிட்டபோதுதான் விளங்கியது, ஒரு வருடமாக நான் நிலத்தை மிதிக்கவில்லை. இரண்டு படி இறங்கினேன். தொடை நடுங்கியது. திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டு, பூசையை ஸ்பீக்கரில் கேட்டேன்.

அந்தக் கிழமையே சேவியர் வந்து, கணேசனின் கத்தரியை வாங்கி என் கயிற்றை வெட்டினார்.

"என்ட சாப்பாட்டில கை வைக்கிறியாடா?" என்று கத்தினேன்.

"சாப்பாடு மேல வருது, நீங்க கீழ போறதில்ல. அதுக்குப் பேர் ஜெயில், அங்கிள்."

மறுநாள் முதல், பாண்காரன் என் பையை மேலிருந்து ஆறாவது படியின் கைப்பிடிக் கம்பியில் கொளுவிவிட்டுப் போனான். சேவியரின் ஏற்பாடு. கிழமைக்கு ஒரு படி பை கீழே போகும். பசித்தால் நானும் போக வேண்டும்.

ஃபரீத் கொதித்துப்போய் வந்தார். "விழுந்தா யாரு மாஸ்டர் பொறுப்பு?"

"விழாமலே செத்தா யாரு தம்பி பொறுப்பு?"

இரண்டும் நடந்தது. கூடையை விடாத ஹனீபா நானா நிலத்தை மிதிக்காமலே மௌத்தானார். அவரைக் கிடத்திய சந்தூக்கைப் படி வளைவில் திருப்ப முடியாமல் நாலு பேர் வியர்த்து நின்றதை நான் கதவில் நின்று பார்த்தேன். கணேசனும் கூடையை விட்டு என்னைப் போலப் படிப் பைக்கு மாறியிருந்தான். அவசரக்காரன். தன் பையை எடுக்க இறங்கியவன் ஒரு படியைத் தவறவிட்டான். இடுப்பு உடைந்து ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பவில்லை. எழுது ரோஷினி, உன் அப்பா இறங்கச் சொன்ன படியில்தான் அவன் விழுந்தான்.

மாஸ்டர் ஒரு கிழமை வரவில்லை. வந்தபோது கையில் புதுக் கயிறு.

"கட்டித் தரவா அங்கிள்? நீங்க சொல்லுங்க."

எனக்குப் படியும் பயம், அறையும் பயம். "கயிறு வேணாம். நீ முன்னால நட" என்றேன்.

அன்றிலிருந்து அவர் என் முகத்தைப் பார்த்தபடி, பின்பக்கமாக, எனக்கு இரண்டு படி கீழே இறங்குவார். கைகள் விரிந்திருக்கும். ஒரு நாளும் பிடித்ததில்லை. "தொட மாட்டன். இங்கதான் நிக்கிறன்" என்பார். அப்படியே இரண்டாம் மாடி வரை வந்தோம்.

சவ அடக்கத்தன்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தனியே இறங்கினேன். பை தொங்குகிற இரண்டாம் மாடி வரை கால் வந்தது. அதற்குக் கீழே என் முன்னால் யாருமில்லை. இறங்கவும் முடியவில்லை, ஏறவும் முடியவில்லை, அந்த லிஃப்டைப் போல நின்றேன். கீழே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிற ஜெபச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது.

அடக்கம் முடிந்து வந்த ஃபரீத்தான் என்னை அங்கே கண்டார். கயிறு கட்டவா என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. என் கமுக்கட்டில் கையைக் கொடுத்தார். "நான் தொடுவன் அங்கிள். மாஸ்டர்ட துணிச்சல் எனக்கில்ல" என்றார். அவர் கண் சிவந்திருந்தது. மேலே கொண்டுபோய் விட்டார்.

பை இன்னும் இரண்டாம் மாடியில்தான் தொங்குகிறது. நிலத்துக்கு முப்பத்திரண்டு படி. மாஸ்டரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு சொல். ஒவ்வொரு காலையும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "தொட மாட்டன், இங்கதான் நிக்கிறன்" என்று என் முழங்காலுக்கு நானே சொல்கிறேன். நேற்று பையைத் தாண்டி ஒரு படி கூடுதலாக இறங்கினேன். ஹனீபா நானா இல்லை, கணேசன் இல்லை, முன்னால் நடந்தவரும் இல்லை. நாலாம் மாடியிலிருந்து இறங்க மிச்சம் இருக்கிற ஆள் நான், அந்தோனிப்பிள்ளை.