கூடைக்குள் போகாத போன்

பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு ஒன்லைன் விளையாட்டு நல்லதா கெட்டதா என்று என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. கெட்டது என்று சொல்வதற்கு மட்டும் வீடு தேடி வந்தார்கள்.

என் வீட்டுக்காரருக்குச் சீனன்குடா எண்ணெய்க் குதத்தில் வேலை. அங்கே கேற்றிலேயே போனை வாங்கி வைத்துவிட்டுத்தான் ஆளை உள்ளே விடுவார்கள். அப்படியே போய்வந்து பழகியதில், வாசலில் போனைப் பறித்துவிட்டால் உள்ளே ஆபத்தே வராது என்று மனுஷன் நம்பிவிட்டார். எங்கள் வீட்டு வாசலிலும் ஒரு பிளாஸ்டிக் கூடை வைத்தார். ரியூஷன் முடிந்து வந்ததும் மகளின் போன் அதற்குள் போகவேண்டும். அவருடைய போன் மட்டும் சட்டைப்பையிலேயே இருக்கும்.

அவர் வேலைக்குப் போனதும் நான் கூடையிலிருந்து போனை எடுத்து மகளிடம் கொடுப்பேன். ஓம், நான்தான் கொடுத்தேன். படிப்பை முடித்துவிட்டு விளையாடு, சொந்தப் பெயரும் படமும் வெளியே போகக்கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தேன். அந்த விளையாட்டில் அவள் ஒரு வைத்தியர். சண்டையில் விழுந்தவர்களை எழுப்புவாள். குழுவுக்குத் தலைவியும் அவள்தான்.

ஒருநாள் சாம்பல்தீவிலிருந்து வந்த மச்சாள், வீட்டுக்காரரின் அக்கா, மகள் போனில் கட்டளை போடுவதைக் கேட்டுவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் விறாந்தையில் கூட்டம். வழக்கம்போல மகளைத் தவிர எல்லாரும் கதைத்தோம்.

"ஆரெண்டே தெரியாத ஆம்பிளையளோட கதைக்கிறாள். போனை வித்துப்போடு தம்பி," என்றார் மச்சாள்.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. போனைக் கூடையிலிருந்து எடுத்து மகளின் கையில் வைத்தேன். "இதிலயே இருந்து விளையாடு. சத்தத்தைக் கூட்டிவிடு. எல்லாரும் கேக்கட்டும்."

கொஞ்ச நேரம் பிள்ளைகளின் குரல்கள். பிறகு புதிதாக ஒரு முற்றின குரல். "தங்கச்சிக்கு எந்த ஊர்? ஒரு படம் அனுப்புங்கோவன், பாப்பம்."

என் கைதான் முதலில் போனைப் பறிக்கப் போனது. அதை மறைக்க மாட்டேன்.

மகள் அசையவில்லை. "படம் கேக்கிற ஆக்களுக்கு இஞ்ச இடமில்லை," என்று சொல்லி ஒரு பட்டனை அழுத்தினாள். ஆள் வெளியே. "இவரை ஒருத்தரும் திரும்பச் சேர்க்காதேங்கோ," என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டு விளையாட்டைத் தொடர்ந்தாள்.

"பாத்தியோ தம்பி!" என்றார் மச்சாள். வீட்டுக்காரர் கையை நீட்டினார். "கொண்டா போனை."

"நிப்பாட்டுங்கோ," என்றேன். "மச்சாள், இவளின்ர வயசில நான் நிலாவெளி பஸ்ஸில பள்ளிக்கூடம் போனனான். ஒருத்தன் ஒவ்வொரு நாளும் வந்து உரசுவான். அவனைத் தூக்கி வெளியில போட என்னட்டை ஒரு பட்டனும் இருக்கேல்லை. வாயை மூடிக்கொண்டு நிண்டனான். பஸ் பொம்பிளைப் பிள்ளையளுக்குக் கூடாதெண்டு ஆரும் கூட்டம் போட்டவையோ?"

மச்சாளின் கை தன் சேலைத் தோளுக்குப் போனது.

"நான் பஸ்ஸில சேஃப்டி பின் கொண்டு போறனான்," என்றார் மெதுவாக. "இப்பவும்."

இவர் தன் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். நீட்டின கை நீட்டினபடியே இருந்தது. மச்சாள் அதைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"அது பிள்ளையிட்டையே இருக்கட்டும்."

வாசல் கூடையில் இப்போது வெங்காயம் போட்டு வைத்திருக்கிறேன்.