தங்கச்சிக்கு வசனம் இல்லாத படம்

தங்கச்சிக்காக அண்ணன் பழிவாங்கும் படம் என்று யாராவது வாயைத் திறந்தால் எனக்கு இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. அப்படி ஒரு படம்தான் என் விஷயத்தைக் குட்டிச்சுவராக்கியது.

கண்டாவளையிலிருந்து கிளிநொச்சிக்குப் போய் ஒரு புடவைக்கடையில் வேலை செய்கிறேன். நேரத்துக்குக் கடைக்குப் போய்ச் சேர எனக்குச் சரிவருவது ஒரேயொரு தனியார் பஸ்தான். அதன் கொண்டக்டர் டிக்கெட் தரும் சாட்டில் உரசுவான், சனம் நெரிந்தால் இடுப்பில் கை வைப்பான். ஏசிப் பார்த்தேன். இளித்தான். ஒருநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். முறைப்பாட்டைத் தமிழில்தான் எழுதவேண்டும் என்று சொல்லி, தமிழ் தெரிந்த பெண் பொலிஸ் வரும்வரை பசியோடு குந்தியிருந்தேன். அவர் எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரியையும் வாசித்துப் பார்த்துத்தான் கையெழுத்து வைத்தேன். அதே பஸ்ஸில் வரும் இரண்டு பெண்கள் சாட்சி சொல்லச் சம்மதித்திருந்தார்கள். அவனை அந்த பஸ்ஸிலிருந்து இறக்கவேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அடுத்த வாரம் விசாரணை என்றார்கள்.

அண்ணனுக்கு விஷயம் தெரிந்ததும் முகம் கறுத்துவிட்டது.

"நான் இருக்கேக்க நீ ஏனடி பொலிசுக்குப் போனனி?"

"பொலிஸ் பாக்கட்டும் அண்ணா. நீ சும்மா இரு."

ஓம் என்றுதான் சொன்னான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகளோடு வவுனியாவுக்குப் போய் அந்தப் படத்தைப் பார்த்தான். திங்கட்கிழமை காலை பஸ் நிலையத்தில், பத்துப் பேர் பார்க்க, கொண்டக்டரின் கையை முறித்தான்.

ஊர் கொண்டாடியது. "அண்ணன் எண்டால் இப்பிடியெல்லோ இருக்கவேணும்" என்று எங்கள் வாசலில் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். பசியோடு காத்துக்கிடந்து முறைப்பாடு கொடுத்தவளை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாட்சிக்கு வரவிருந்த இரண்டு பேரும், அடிபிடி வழக்கென்றால் தங்களுக்கு வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டார்கள்.

அண்ணனைப் பிடித்துக்கொண்டு போன பிறகுதான் பெரிய அநியாயம் தெரியவந்தது. அவனுடைய வாக்குமூலத்தை அந்தப் பெண் பொலிஸ் எனக்கு வாசித்துச் சொன்னார். "உங்கட காதல் பிரச்சினையால அண்ணா அடிச்சதா இதில எழுதியிருக்கு."

அண்ணனிடம் போனேன். "வாசிச்சுப் பாத்தோ கையெழுத்து வைச்சனி?"

"சிங்களத்திலயெல்லோ எழுதினவை. காட்டின இடத்தில வைச்சனான்."

எங்கள் ஆட்கள் இப்படித்தான். காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து வீரம் பேசுவார்கள். என்னைத் தொட்டவன் அந்தக் கடதாசியில் என் காதலனாகிவிட்டான். கை முறிந்தவன் பாவம், நான் ஊர் சுற்றுகிறவள்!

இரண்டு பக்கமும் சமாதானமாகப் போங்கள் என்றார்கள் பொலிஸில். நான் முறைப்பாட்டை வாபஸ் வாங்கினால், அண்ணனுக்கு எதிராகக் கொடுத்ததைக் கொண்டக்டரும் வாங்குவானாம். இல்லாவிட்டால் அண்ணன் மறியலில் கம்பி எண்ணவேண்டும். அம்மா அங்கேயே வாங்குப் பலகையில் இருந்து அழுதா. வேறு வழியில்லாமல் கையெழுத்து வைத்தேன். அதையும் முழுதாக வாசித்துவிட்டுத்தான் வைத்தேன். ஒரு பிழையில்லாத நல்ல தமிழ்.

விடுபட்டு வந்த அண்ணன் அடுத்த ஞாயிறு மத்தியானம் அந்தப் படத்தைப் பென் டிரைவில் கொண்டுவந்து, என்னைக் கதிரையில் இருத்திப் போட்டுக் காட்டினான். பெரிய பட்டணம், கண்ணாடிக் கட்டடங்கள். தங்கச்சிக்காரி அரை மணித்தியாலத்துக்குள் செத்துப்போகிறாள். அதன் பிறகு சுவரில் மாலை போட்ட படம் மட்டும்தான். அண்ணன்காரன் லிப்டுக்குள்ளும் மொட்டைமாடியிலும் ஆட்களை வெட்டிச் சாய்க்கிறான். அந்த ஊரில் யாரும் மறுநாள் வேலைக்குப் போகத் தேவையில்லை போலும்.

"எப்பிடி?" என்றான் அண்ணன், கண்ணெல்லாம் மினுங்க.

"அந்தப் பிள்ளையிட்ட உனக்கு என்ன வேணுமெண்டு அவன் ஒருக்காலாவது கேட்டவனோ?"

"அவள் செத்திட்டாளெல்லோ."

"நான் சாகேல்லை அண்ணா."

அவன் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினான்.

மூன்றாம் வாரம் கொண்டக்டர் கையில் கட்டோடு வேலைக்குத் திரும்பினான். சனம் நெரிந்த பஸ்ஸில் மற்றக் கையால் டிக்கெட்டை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தி, குனிந்து, "அண்ணா சுகமோ?" என்று கேட்டான்.

நான் கடைக்குப் போகவில்லை. பொலிஸ் நிலையத்தடியில் இறங்கினேன். அந்தப் பெண் பொலிஸ் என்னைக் கண்டதும் பின்னால் யாரும் வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

"தனியவோ வந்தனீங்கள்? வீட்டில தெரியுமோ?"

"தெரியாது. அண்ணாவுக்குத் தெரியவே வேண்டாம். தமிழில எழுதுங்கோ" என்றேன்.