பத்துக் கதிரையும் ஒரு ஆளும்: புதுக்குடியிருப்புக்கு ஒரு ப்ளூஸ் பயணம்

பொங்கல் முடிந்து வந்த சனிக்கிழமை வவுனியாவில் இருந்து புதுக்குடியிருப்புக்குப் பாடப் போனேன். கையில் கிற்றார், கழுத்தில் மாட்டும் கம்பியில் ஒரு மவுத் ஓர்கன், வலது காலால் உதைக்க ஒரு பழைய பயணப் பெட்டி, இடது காலால் ஆட்டச் சோடா மூடிகள் கோத்த ஒரு பிஸ்கற் தகரப் பேணி. இவ்வளவையும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் வாசிப்பதுதான் என் தொழில், அதைத் தொழில் என்று சொல்லலாமென்றால். வாத்தியத்தோடு வன்னிக்குள் போக நினைக்கிறவர்களுக்கு உதவட்டும் என்று பஸ், காசு, தூரம் எல்லாம் எழுதுகிறேன். நடுவில் என் புலம்பலும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பாடுவது ப்ளூஸ். அமெரிக்காவில் பருத்தித் தோட்டங்களில் வேலை செய்த கறுப்பின மக்களிடம் பிறந்த பாட்டு. ஒரு வரியைப் பாடி, அதையே திரும்பப் பாடி, மூன்றாவது வரியில் பதில் சொல்வது. வரிகளை நானே தமிழில் எழுதுகிறேன். குரலுக்கு மெருகு ஒன்றும் கிடையாது, தொண்டையில் எப்படி வருகிறதோ அப்படியே விட்டுவிடுவேன்.

முன்பு நாங்கள் மூன்று பேர். கீபோர்ட் வாசித்தவன் கனடா போனான். டிரம்ஸ் வாசித்தவன் பிரான்சுக்குப் போகப் புதுப் பெட்டி வாங்கினான், பழையதை என்னிடம் விட்டுவிட்டுப் போனான். அதைத்தான் இப்போது உதைக்கிறேன். கோபத்தில் இல்லை, உண்மையிலேயே நல்ல சத்தம் வரும்.

இந்தப் பயணத்துக்கு ஒரு கெடு இருந்தது. வவுனியாவில் கல்யாண வீடுகளுக்கு வாசிக்கிற ஒரு இசைக்குழு என்னைக் கிற்றாருக்குக் கேட்டிருந்தது. எல்லாச் சனி, ஞாயிறும் அவர்களோடு. நல்ல காசு, பக்கத்தில் ஏழு பேர், கதைக்க ஆள். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். ஓம் என்றால் பெட்டி கட்டிலுக்கு அடியில் போய்விடும். இரண்டு வருடமாகத் தனியப் பாடி எனக்கும் அலுத்துப் போயிருந்தது. புதுக்குடியிருப்பில் ஒரு ஆளாவது உண்மையாகக் கேட்டால் தொடர்வது, இல்லாவிட்டால் விட்டுவிடுவது என்று நினைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

காலை ஏழேகாலுக்கு வவுனியாவில் ஏறினேன். மாங்குளத்தால் திரும்பினால் தூரம் குறைவு, ஆனால் தொடுப்பு பஸ்ஸை நம்ப முடியாது என்றார்கள். அதனால் பரந்தன் சந்தி வரை நேரே போனேன், ஏறத்தாழ எண்பது கிலோமீற்றர், 280 ரூபா. கொண்டக்டர் பெட்டியைப் பார்த்து, அது ஒரு ஆளின் இடத்தைப் பிடிக்கிறது என்று அதற்கும் ஒரு ரிக்கற் வெட்டினார். சண்டை பிடிக்கவில்லை. பக்கத்துச் சீற்றில் ஆள் இருக்கிற மாதிரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். கிளிநொச்சியில் இறங்கித் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தபோதும் அது அப்படியே இருந்தது.

பரந்தனில் இருந்து புதுக்குடியிருப்பு இன்னும் முப்பத்தைந்து கிலோமீற்றர் வரும், 150 ரூபா. இந்தக் கொண்டக்டர் பெட்டியைக் கண்டுகொள்ளவில்லை. வயல், பற்றைக்காடு, திரும்பவும் வயல். நெல் பாதி மஞ்சளித்து நின்றது. சந்தையடியில் இறங்கி ஓட்டோ பிடித்தேன். நிகழ்ச்சி நடக்கிற ஊர் அங்கிருந்து ஆறு கிலோமீற்றர், 700 ரூபா.

"பெட்டிக்குள்ளை என்ன அண்ணை?" என்றான் ஓட்டோக்காரன்.

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாத பெட்டியை ஏன் காவித் திரியிறியள்?"

வெறும் பெட்டி என்றால்தான் சத்தம் வரும் என்று விளங்கப்படுத்தினேன். அவன் கண்ணாடியில் என்னை ஒருதரம் பார்த்துவிட்டு றேடியோவைக் கூட்டினான்.

ஊர் விளையாட்டுக் கழகத்தின் பொங்கல் விழா அது. கழகச் செயலாளர் நிரோஷன், இருபத்தைந்து வயதிருக்கும், ஓடிவந்து கிற்றாரை வாங்கிக்கொண்டான். மேடையில் பத்துப் பிளாஸ்ரிக் கதிரைகள் அரைவட்டமாகப் போட்டிருந்தன. அவன் எனக்குப் பின்னால் றோட்டைப் பார்த்தான்.

"மற்ற ஆக்கள் வான் பிடிச்சு வருகினமோ அண்ணை?"

"நான் தனிய எண்டு போனிலை சொன்னனான் எல்லோ."

"ஓம், சொன்னனீங்கள்தான்." அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "ஆனா ஆர் அண்ணை உண்மையிலை தனிய வருவினம்? அம்மா ஆக்கள் பத்துப் பேருக்குச் சமைச்சும் போட்டினம்."

அவனில் பிழையில்லை. இந்தப் பக்கத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கூடத் துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவார். மேளக்காரர் வந்தாலும் பாட்டுக்காரர் வந்தாலும் பின்னால் நாலு பேர் வருவார்கள். பாட வருகிற ஒருவன் ஒருவனாகவே வருவான் என்பதைக் காதால் கேட்டாலும் மனம் ஏற்காது போலிருக்கிறது. கதிரைகளை எடுக்கச் சொன்னேன். சவுண்ட் காரர் மைக் வயரெல்லாம் கட்டியாயிற்று, இனி அசைக்க ஏலாது என்றார். அப்படியே ஒன்பது வெறுங்கதிரைக்கு நடுவில் ஏறி உட்கார்ந்தேன்.

சின்னப்பிள்ளைகளின் நடனம் முடிய ஆறரைக்கு என் முறை. சனம் முந்நூறு இருக்கும். முதல் பாட்டுக்கு என் காலைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள், அதுகூட நல்லாய்த்தான் இருந்தது. இரண்டாவது பாட்டில் பெரியவர்கள் தங்களுக்குள் கதைக்கத் தொடங்கினார்கள். மூன்றாவதில் ஐஸ்கிறீம் வான் வந்தது, முன்வரிசை எழும்பிப் போயிற்று. பின்னுக்கிருந்து யாரோ ஒரு குத்துப்பாட்டின் பேரைச் சொல்லிக் கத்தினார்கள். நாற்பது நிமிடம் என்று பேசியிருந்தது. இருபதாவது நிமிடம் நிரோஷன் குனிந்தபடி வந்தான்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. பெடியள் ஆடோணுமாம்."

பென்ரைவில் பாட்டைப் போட்டார்கள். சனம் திரும்பி வந்தது. நான் மேடைக்குப் பின்னால் பெட்டியைச் சுமந்துகொண்டு போனேன். அழுகை வந்தது, ஒளிக்க ஒன்றுமில்லை. யாரும் ஏசவில்லை, சாப்பாடு தந்தார்கள், மரியாதை தந்தார்கள். ஆனால் அந்தப் பாட்டுகளை நான் பாடியிருக்காவிட்டால் ஒருவருக்கும் ஒரு குறையும் வந்திராது. திங்கட்கிழமைக்கான பதில் எனக்குக் கிடைத்துவிட்டது.

இடியப்பப் பார்சல் பத்தும் பக்கத்தில் இருக்க, ஒன்றைப் பிரித்துச் சாப்பிடும்போதுதான் ஒரு பெண் வந்தார். ஐம்பது வயது மதிக்கலாம், கையில் ரோர்ச், சேலைக்கு மேல் ஆண்கள் போடுகிற சேட். தவம் அக்கா என்று பிறகு தெரிந்தது.

"தம்பி, அந்தப் பெட்டியை விக்கிறியளோ?"

"இது வாத்தியம் அக்கா."

"தெரியும், பாத்துக்கொண்டுதான் இருந்தனான். நல்ல சத்தம். பண்டிக்கு வேணும்."

நான் இடியப்பத்தைக் கீழே வைத்தேன். ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னேன், ஒரு பார்சலையும் கொடுத்தேன். அவருக்குக் காட்டோரத்தில் ஒரு ஏக்கர் கச்சான், நிலக்கடலை. அறுவடைக்கு இன்னும் மூன்று கிழமை. காட்டுப் பன்றி ஒரு இரவு இறங்கினால் பாதித் தோட்டத்தை உழுதுவிடும். பேணிகளைக் கயிற்றில் கட்டி, தோட்டம் முழுக்க இழுத்து, நுனியைக் கால்விரலில் முடிந்துகொண்டு கொட்டிலில் காவல் கிடக்கிறார். ஆட்டிக்கொண்டே இருந்தால் நித்திரையும் வராது. போனில் சினிமாப் பாட்டும் போட்டுப் பார்த்தாராம்.

"முதல் ரெண்டு நாள் ஓடினது. இப்ப பழகிப் போச்சு. பாட்டைக் கேட்டுக்கொண்டு ஆறுதலாச் சாப்பிடுதுகள்." இடியப்பத்தைப் பிசைந்தபடி என்னைப் பார்த்தார். "உங்கடை பாட்டு அதுகளுக்குப் பழக்கமிருக்காது."

அன்றைக்கு என் பாட்டைப் பற்றி யாராவது சொன்ன ஒரே அபிப்பிராயம் இது. முதலில் சுள்ளென்றது, பிறகு சிரிப்பு வந்தது. பெட்டியை விற்க மாட்டேன் என்றேன். அப்படியானால் நாளைக்கு வந்து போனில் பதியப் பாடித் தாங்கோ என்றார். கடைசித் தரம் பாடுவதைப் பன்றிக்குத்தான் பாடுவோமே என்று ஓம் சொன்னேன்.

அன்றிரவு நிரோஷன் வீட்டில் படுத்தேன். ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு அவனே மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்த் தோட்டத்தடியில் இறக்கிவிட்டு, நாலரைக்கு வருகிறேன் என்று போனான். நாலு தடியில் தகரம் போட்ட காவல் கொட்டில். அப்பால் காடு. அக்கா போனை ஒரு பெயின்ற் வாளிக்குள் நிறுத்தினார், சத்தம் கூடப் பதியுமாம். நான் பெட்டியை மண்ணில் வைத்துத் தொடங்கினேன்.

அடுப்பிலை கேத்தில் கொதிக்குது, வீட்டிலை அதுதான் கதைக்குது
அடுப்பிலை கேத்தில் கொதிக்குது, வீட்டிலை அதுதான் கதைக்குது
ரெண்டு கோப்பையிலை ஊத்தினன், ஒண்டு கிடந்து ஆறுது

"நிப்பாட்டுங்கோ," என்றார். "கொஞ்சம் கோவமாப் பாடோணும். இது பண்டிக்குப் பாவமாத்தான் இருக்கும்."

கோபமாகப் பாடினேன்.

"ஏன் முதல் வரியை ரெண்டு தரம் சொல்லுறியள்?"

"முதல் தரம் ஆரும் கேக்கிறேல்லை அக்கா."

"அது சரி," என்றார். கொட்டில் தடியில் சாய்ந்து இருந்து, பழக்கத்தில் கயிற்றைக் கால்விரலில் மாட்டிக்கொண்டார்.

மூன்றாவது தரம் பாடும்போது தோட்டத்தில் ஒரு மயில் இறங்கியது. அக்கா காலைச் சுண்டினார். ஏக்கர் முழுக்கப் பேணிகள் ஒரே நேரத்தில் கலகலத்தன, சரியாக என் பெட்டி உதைக்கு அடுத்த தாளத்தில். மயில் பறந்தது. நான் நிறுத்தவில்லை. அடுத்த உதைக்கும் அவர் கால் சுண்டியது, அதற்கடுத்ததற்கும். மயில் போய் எவ்வளவோ நேரம். என்னைப் பார்க்காமல் காட்டைப் பார்த்துக்கொண்டு இழுத்தார். பிரான்சுக்குப் போனவனுக்குப் பிறகு என்னோடு தாளம் போட்ட முதல் ஆள். பாட்டை முடிக்க மனமில்லாமல் கடைசி வரியை நாலைந்து தரம் பாடினேன். எல்லாமாக மூன்று பாட்டு பதிந்தோம்.

முடிந்ததும் பிளேன்டி ஊற்றித் தந்தார். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"நான்தான்," என்றார்.

பிளேன்டி நன்றாக இருந்தது. நிரோஷன் நேரத்துக்கு வந்தான், ஐந்தேகால் பஸ்ஸைப் பிடித்தேன். பெட்டியைக் காலுக்குள் வைத்துக்கொண்டேன்.

போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியவை: புதுக்குடியிருப்பில் இருந்து பரந்தன் பக்கம் வர மாலை ஐந்தரைக்குப் பிறகு பஸ்ஸை நம்பவேண்டாம். சந்தையடியில் நான் விசாரித்த அறை 3,500 ரூபா, ஆனால் கூப்பிட்ட வீட்டுக்காரர் உங்களை அறைக்கு விடமாட்டார்கள். தை மாதத்தில் திடீரென்று மழை கொட்டும், கிற்றாருக்குப் பொலித்தீன் உறை கட்டாயம். தனிய வருகிறேன் என்று எத்தனை தரம் சொன்னாலும் பத்துப் பேருக்குச் சமைப்பார்கள், மறுக்காமல் வாங்கி யாருடனாவது இருந்து சாப்பிடுங்கள். வீட்டில் யார் என்ற கேள்வியை இந்தப் பக்கத்தில் இரண்டாம் தரம் கேட்காதீர்கள்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குக் கல்யாண இசைக்குழுக்காரர் போன் எடுத்தார். ஒரு மணித்தியாலம் தாங்கோ என்றேன். பிறகு தவம் அக்காவுக்கு எடுத்தேன்.

"பண்டி வந்ததோ அக்கா?"

"வந்தது. ஆறு. கிழக்குப் பக்கத்திலை நாலு வரிசை முடிஞ்சுது."

"அப்ப என்ரை பாட்டுக்குப் பயப்பிடேல்லை."

"துண்டாப் பயப்பிடேல்லை."

"அப்ப நிப்பாட்டிப் போட்டியள் என்ன," என்றேன்.

"இல்லைத் தம்பி," என்றார். "தகரத்தை அடிச்சு அதுகளைக் கலைச்சுப்போட்டு வந்து உங்கடை பாட்டைத் திரும்பவும் போட்டனான். விடியுமட்டும் அதுதான் பாடினது."

பத்து மணிக்கு இசைக்குழுக்காரர் திரும்ப எடுத்தார். வேறு ஆளைப் பாருங்கோ அண்ணை, சனி ஞாயிறு எனக்கு வேலை இருக்கு என்றேன். அப்படி என்ன வேலை என்று கேட்டார்.

கச்சான் காவல் என்றேன்.