கட்டிக் கொடுத்தவளின் ரத்தம்

1. அக்காவுக்கும் எங்கள் தாய்மாமனுக்கும் கல்யாணம் நடந்தது. அம்மாவின் ஒரே தம்பி அவர். முறைப் பையன் என்பதால் யாரும் வேறு யோசனை செய்யவில்லை.

2. பாப்பா பிறந்தாள். முதல் பிறந்தநாளுக்கு முன்பே வெளுத்துப் போனாள். தலசீமியா என்றார்கள். அக்காவிடமும் மாமாவிடமும் ஒரே மரபணுக் கோளாறு ஒவ்வொரு பிரதியாக ஒளிந்திருந்தது; இரண்டும் பாப்பாவிடம் வந்து சேர்ந்துவிட்டன.

3. அன்றிலிருந்து மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை மலையிறங்கி சேலத்தில் ரத்தம் ஏற்றுகிறோம்.

4. எலும்பு மஜ்ஜை மாற்றினால் இது நிற்கலாம் என்றார் கோயம்புத்தூர் டாக்டர். அதற்குத் திசு வகை பொருந்தும் ஆள் வேண்டும். கூடப் பிறந்தவர்களில் நாலில் ஒருவருக்குப் பொருந்த வாய்ப்புண்டு; பாப்பாவுக்கு அப்படி யாரும் இல்லை. அக்கா, மாமா, நான் மூவரும் பாதிதான் பொருந்தினோம். அம்மா இருந்திருந்தால் அவரையும் சோதித்திருப்போம்.

5. மாமா பங்காளிகளைக் கூப்பிட்டார்.

நான் சேலத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். நாள் முழுவதும் மற்றவர்களின் ரத்தக் குழாய்களுக்கு லேபிள் ஒட்டிவிட்டு, மாலையில் கடைசிக்கு முந்தைய பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகளில் தலை ஆட ஆடத் தூங்கி, மலைமேல் ஒண்டிக்கடை நிறுத்தத்தில் இறங்குவேன். அந்நேரம் அக்கா வெள்ளக்கடை ஊரிலுள்ள தன் வீட்டிலிருந்து போன் செய்து, பாப்பா சாப்பிட்டாளா இல்லையா என்று சொல்லுவாள். பெரும்பாலும் இல்லை.

மாமாவின் குலசாமி கோயில் கீழே சமவெளியில். பூசைக்குப் பங்காளிகள் எல்லோரும் வருவார்கள் என்பதால், மஜ்ஜைக் கொடையாளர்களைப் பதிவு செய்யும் ஓர் அமைப்பை அங்கேயே முகாம் போடச் சொன்னோம். உள்கன்னத்தில் பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுத்தால் போதும். பொங்கல் பானைகளுக்குப் பக்கத்தில் மேசை போட்டு நான் உறை ஒட்டிக்கொண்டிருந்தேன். கிழவர் ஒருவர் வரிசையில் வந்து நின்றார். வயது தாண்டிவிட்டது என்றேன்.

"அட, ஒரே சாமிய கும்புடறோம், ஒரே ரத்தம். அதுல வயசென்ன கண்ணு?"

"பல்லே இல்ல உங்களுக்கு, பஞ்சுக்குச்சி எங்கீங்க ஒரசும்?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்க, வரிசையே சிரித்தது.

ஒரே ரத்தம் என்பதை அன்று எத்தனை பேர் சொன்னார்கள் என்று தெரியாது. அத்தனை பேரும் நல்ல மனதோடு சொன்னார்கள், நான் உறைகளை ஒட்டிக்கொண்டே இருந்தேன். ஆனால் மரபணுவில் பாதி அப்பாவிடமிருந்து, பாதி அம்மாவிடமிருந்து வருகிறது. ஒவ்வொரு தலைமுறைக்கும் அது பாதியாகிறது. பத்துத் தலைமுறைக்கு முந்தைய பாட்டன்களில் பலருடைய ஒரு துண்டுகூட நம் உடம்பில் இல்லாமல் போயிருக்கும். அப்பனிடமிருந்து மகனுக்கு அப்படியே கைமாறுவது ஒய் குரோமோசோம் மட்டும்தான். பங்காளிக் கணக்கு அந்த ஒற்றை இழையைத்தான் பிடித்துக்கொண்டு போகிறது. திசு வகையோ ஆறாவது குரோமோசோமில் இருக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. முன்னோர்களை இரண்டு, நான்கு, எட்டு என்று பெருக்கிக்கொண்டே போனால், கொஞ்ச தூரத்திலேயே அந்தக் காலத்தில் உயிரோடு இருந்தவர்களைவிட எண்ணிக்கை கூடிவிடும். அப்படியென்றால் அதே ஆட்கள்தான் திரும்பத் திரும்ப வருகிறார்கள். எஸ்டேட் வேலைக்கு வந்த எங்களுக்கும், எங்களுக்கு முன்பே மலையில் சாமையும் ராகியும் விதைத்தவர்களுக்கும், எங்கோ மேலே பாட்டன்கள் பொது. மரபணுவின் ஆயிரம் எழுத்தில் ஏறக்குறைய ஒன்றுதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. அந்த ஒன்றில்தான் பாப்பா மாட்டிக்கொண்டிருக்கிறாள்.

பங்காளிகளில் ஒருவரும் பொருந்தவில்லை. பதிவேட்டில் இருந்த வெளியாட்களும் பொருந்தவில்லை.

அதைச் சொல்லத்தான் கோயம்புத்தூருக்கு வரச் சொன்னார்கள். பாப்பா அக்கா மடியில் தூங்கினாள். டாக்டர் மாமாவிடம், "உங்ககூடப் பிறந்தவங்க யாரும் இருக்காங்களா?" என்றார்.

"யாரும் இல்லைங்க. நான் ஒருத்தன்தானுங்க."

அக்கா நிமிர்ந்தாள். "ஏனுங்க, கரடியூர் சித்தி?"

"அது கட்டிக் குடுத்துட்டமே," என்றார் மாமா.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். சித்தி அம்மாவின் தங்கை, மாமாவுக்குக் கூடப் பிறந்தவர்தான். ஆனாலும் மாமா பொய் சொல்லவில்லை. கட்டிக் கொடுத்த பெண் புருஷன் வீட்டுச் சாமிக்குப் போய்விடுவாள். பிறந்த வீட்டுப் பூசைக்கு அவளுக்கு அழைப்பு இல்லை. அவர் மனதில் இருந்த வரிசையில் சித்தி இல்லவே இல்லை. எனக்கும் தோன்றாமல் போனதுதான் இன்னும் ஜீரணமாகவில்லை.

அடுத்த ஞாயிறு ஸ்கூட்டியில் கரடியூர் போனேன். சித்தி வாசலில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார்.

"வா சாமி. ஊர்ல இருக்கறவனெல்லாம் வாயத் தொறந்து காட்டுனானாம். என்னய மட்டும் வேண்டாம்னுட்டீங்க."

நான் விஷயத்தைச் சொன்னேன். சித்தப்பாவுக்குப் பிடிபடவில்லை. "எங்கூட்டுக்கு வந்து இத்தன வருசமாச்சு. இவ ரத்தம் எங்கூட்டு ரத்தம். அது எப்புடிக் கண்ணு அங்க சேரும்?"

"ஆமா, தாலி கட்டறப்ப பழசக் கொட்டிட்டுப் புதுசா ஊத்துனீங்களாக்கும்," என்றார் சித்தி. "குச்சிய எடு சாமி."

முடிவு வந்தது. முழுப் பொருத்தம். பாப்பாவின் திசு வகையில் ஒரு பாதி மாமாவிடமிருந்து வந்தது. அக்காவிடமிருந்து வந்த மறுபாதியும் அம்மா வழியாக அதே வீட்டிலிருந்து வந்தது. இரண்டு பாதியும் சித்தியிடம் இருந்தன. சொந்தத்தில் கட்டியதால் நோய் வந்த அதே வழியில்தான் பொருத்தமும் வந்திருக்கிறது. இதைக் கேட்டு மாமா அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, தூக்கம்தான் வந்தது.

சித்திக்கு ரத்தம் நொம்பக் குறைச்சல் என்று முதல் சோதனையிலேயே தெரிந்துவிட்டது. இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுகிறார். அது ஏறிய பிறகுதான் மற்ற சோதனைகள், அதற்குப் பிறகுதான் தேதி என்றார் டாக்டர். இன்னும் தேதி கொடுக்கவில்லை. வியாழக்கிழமை பாப்பாவுக்கு ரத்தம் ஏற்ற வேண்டும். லீவு சொல்லிவிட்டேன்.