குட்டிச்சாத்தான் மூழ்கிய நாள்

மலைமேல் இருக்கும் லா பாஸ் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் இலாரியோன் கிஸ்பெர்ட் ஆய்வுக்கூட டெக்னீஷியனாக இருந்தார். சனிக்கிழமை தோறும் அங்கே பொதுமக்களுக்காக நடக்கும் அறிவியல் உரைகளுக்கு மேசையைத் தயார் செய்வது அவர் வேலை. டாக்டர் நெலிதா அரான்சிபியா பேசுவார். இலாரியோன் பக்கத்துக் கதவோரம் நின்று, வேண்டியதை வேண்டிய நேரத்தில் எடுத்துக் கொடுப்பார். இருபத்திரண்டு வருடம் அப்படியே போயிற்று. சபையின் முன் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேச ஆசை இருந்தது என்பது அவர் மனைவிக்கு மட்டும் தெரியும். சமையலறையில் சூப் கிண்டும்போது அவளிடம் முழு உரையையும் நிகழ்த்திவிடுவார்.

அந்த ஆகஸ்டில் டாக்டரம்மா படியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டார். கீழே சமவெளியில் இருக்கும் சாந்தா குரூஸ் பல்கலைக்கழகத்தில் காற்றழுத்தம் பற்றிப் பேச ஒப்புக்கொண்டிருந்தார்.

"நீங்க போங்க, இலாரியோன்."

"நானா? பட்டமே இல்லாதவன் நான், டாக்டரம்மா."

"நான் ஒரு வரி மறந்தா கதவுகிட்டேருந்து உங்க உதடு அசையறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

பஸ்ஸில் மலையிறங்கினார். பெட்டியில், கம்பளிக்குள் சுற்றி, குட்டிச்சாத்தான். உரைக்கு வரும் எல்லோருக்கும் பிடித்த வேடிக்கை அது. தண்ணீர் நிரம்பிய பிளாஸ்டிக் பாட்டில். அதற்குள் கொஞ்சம் காற்று அடைத்த ஒரு சொட்டுமருந்துக் குழாய், வாய் கீழே பார்த்தபடி மிதக்கும். பாட்டிலை அமுக்கினால் குழாய் கீழே போகும், விட்டால் மேலே வரும். வீட்டிலேயே சொட்டு சொட்டாகச் சரிபார்த்து மூடியை இறுக்கியிருந்தார்.

உரைக்கு அரைமணி நேரம் முன்னால் கம்பளியைப் பிரித்தார். குட்டிச்சாத்தான் அடியில் கிடந்தது. தட்டினார், குலுக்கினார். அசையவில்லை.

அந்த ஊர் ஆய்வுக்கூடக்காரர் ரோமுலோ எட்டிப் பார்த்தார். கீழ்நிலத்துக்காரர்களுக்கு மலைக்காரர் என்றாலே கிண்டல்தான், 'கோயா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"என்ன கோயா அண்ணே, உங்க சாத்தானுக்கு எங்க வெயில் ஒத்துக்கலையா?"

"வீட்ல நல்லாத்தான் மிதந்துச்சு."

"கவலைய விடுங்க. எங்க லெக்சரர் கிட்ட ஒரு வீடியோ இருக்கு. அவரு பேசட்டும். நீங்க முன்வரிசையில ஜம்முனு உக்காந்து குன்யப்பே சாப்பிடுங்க." சுடச்சுட இருந்த பாலாடைக்கட்டி ரொட்டித் தட்டை நீட்டினார்.

இலாரியோன் தட்டைப் பார்த்தார். இந்த ஒரு வாய்ப்பும் கைநழுவினால் இனி கதவோரம்தான். சரியென்று தலையாட்டப் போனார். அப்போதுதான் பாட்டிலின் இடுப்பு லேசாக ஒடுங்கியிருப்பது கண்ணில் பட்டது. யாரோ விரலால் அமுக்கிப் பிடித்திருப்பதுபோல. அவருக்குக் காது சூடேறியது. இருபத்திரண்டு வருடம் காற்றழுத்தத்தைப் பற்றிக் கேட்டவர், மூவாயிரத்து அறுநூறு மீட்டர் உயரத்தில் அடைத்ததைச் சமவெளிக்குத் தூக்கி வந்திருக்கிறார். அதுவரை மலையை விட்டு இறங்காதவர் செய்யக்கூடிய பிழை.

"வீடியோ வேணாம். நானே பேசறேன்," என்றார்.

"மூழ்கிப்போனதை வச்சா?"

"ஆமா. ஒரு வாளி மட்டும் கொடுங்க."

அரங்கில் நூறு பேருக்கு மேல். பாட்டிலைத் தூக்கிக் காட்டினார்.

"இது லா பாஸ்ல மிதந்துச்சு. இப்ப கீழ கெடக்கு. நான் அமுக்கல. உங்க ஊரு அமுக்குது."

பின்வரிசையில் சிரிப்பு. ஒரு மாணவி எழுந்தாள். "அப்போ உங்களையும் அமுக்கணுமே?"

"அமுக்குது தாயி. பஸ்ஸுல எறங்கினதிலேருந்து காது அடைச்சிருக்கு. கொஞ்சம் சத்தமா கேளுங்க."

அதற்குப் பிறகு அவருக்குச் சபை தெரியவில்லை, சமையலறைதான் தெரிந்தது. மலையில் காற்று மெலிவு, இங்கே கனம். குழாய்க்குள் இருந்த காற்று சுருங்கியது, தண்ணீர் ஏறியது, குழாய் மூழ்கியது. தன் பிழையை ஒளிக்காமல் சொன்னார். தண்ணீரை வாளியில் கொட்டிக் குழாயை எடுத்து, ரப்பர் தலையை அமுக்கி மூன்று சொட்டு வெளியேற்றினார். திரும்ப நிரப்பி மூடினார். மிதந்தது. முன்வரிசையிலிருந்த ஒரு பெண்ணை அழைத்து அமுக்கச் சொன்னார். இறங்கியது.

"இதை மறுபடி மேல கொண்டுபோனா?" என்றாள் அவள்.

இலாரியோன் யோசித்தார். "பிடிவாதமா மிதக்கும்னு நெனக்கிறேன். பாத்துட்டு எழுதறேன்."

எழுதவும் செய்தார், இரண்டு பக்கம்.

கூட்டம் கலைந்தபின் ரோமுலோ தட்டோடு வந்தார். "அடுத்த வருஷம் நோட்டீஸ்ல உங்க பேரு போடறோம் அண்ணே. பேருக்கு முன்னால என்ன போட, டாக்டரா, இஞ்சினியரா?"

"டெக்னீஷியன்னு போடுங்க," என்று ரொட்டியைப் பிட்டுக்கொண்டே சொன்னார்.

அதன்பின், இந்த மார்ச்சில் அவர் கண்மூடும் வரை, மேலும் பதினான்கு உரைகள் நிகழ்த்தினார். பதினான்கு நோட்டீஸிலும் அப்படியேதான் அச்சாகியிருக்கிறது.